இரண்டரை மணி வண்டிக்கு ஐந்து பேர்

அத்தியாயம் 14

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். உண்மை சொன்ன வாய்க்கு மட்டும் யார் இலை போட்டார்கள்? மஹாலக்ஷ்மி டீச்சரைக் கேட்டால் தெரியும்.

போன வாரம் படிக்காதவர்களுக்கும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஹாலக்ஷ்மி அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை. அவளுக்கு உயிர் பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்தை மட்டையால் அடித்து, பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுகிற ஆட்டம். பொருநைப் பூப்பந்துக் கழகம் பதினெட்டு வருஷமாக மாநிலப் போட்டிக்கு ஆண்பிள்ளைகளை மட்டுமே அனுப்பி வந்தது. பெண்கள் அணி என்று யாராவது வாயெடுத்தால், கூடப் போக ஒரு பொம்பளை வேண்டுமே என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். இந்தத் தொண்ணூற்றாறாம் வருஷத்து ஆவணியில்தான், எட்டு ஆண்கள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த அறையில், “நான் போகிறேன்” என்று ஒருத்தி எழுந்து நின்றாள்.

செயலாளர் கிங்ஸ்லிக்கு மறுக்கக் காரணம் அகப்படவில்லை. பிள்ளைகளை நல்லபடியாகக் கரூருக்குக் கூட்டிப் போய்த் திரும்பினால், அடுத்த மாதப் பொதுக்குழுவில் டீச்சர் பெயரையும் கமிட்டியில் சேர்த்துவிடுவோம் என்று சொல்லிவைத்தார்.

மஹாலக்ஷ்மி வீடு வீடாகப் போனாள். முக்கூடலில் பீடி சுற்றும் வீட்டுப் பெண் மாரிக்கண்ணு, பத்தமடையில் பாய் நெய்கிற நூர்முகம்மதின் மகள் பாத்து, பாளையங்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கும் கிறிஸ்டி, ஆழ்வார்குறிச்சி அக்கா தங்கை இருவர். எல்லா வீட்டிலும் ஒரே வாக்குறுதிதான் கொடுத்தாள்: “என் பொண்ணு ஹம்ஸினியும் வரா. அவளை எப்படிப் பாத்துக்குவேனோ, அப்படியே உங்க பொண்ணையும் பாத்துக்குவேன்.” ஆக ஆறு பேர். ஆட ஐந்து, மாற்றுக்கு ஒன்று.

மாரிக்கண்ணுதான் தலைவி. பிளஸ் டூ படிக்கிறாள். மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டுப் பிரிவில் கல்லூரி இடமும் விடுதியும் கிடைக்கும். இல்லாவிட்டால் தை மாதம் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவளுடைய அப்பா சுடலைமாடன் இந்த ஒரு போட்டிக்கு மட்டும் தலையாட்டியிருந்தார்.

வியாழக்கிழமை பகல் இரண்டரை மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் வண்டி. மாமனார் திவசம் புதன்கிழமை. முடித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பலாம் என்று மஹாலக்ஷ்மி கணக்குப் போட்டிருந்தாள். அங்கேதான் சறுக்கியது. அவள் பார்த்தது பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய காலண்டரை. அது திருக்கணிதம். வீட்டில் தலைமுறையாகப் பார்ப்பதோ வாக்கியப் பஞ்சாங்கம். இரண்டுக்கும் நாழிகைக் கணக்கு இடித்தால் சில மாதம் திதியே ஒரு நாள் தள்ளிப் போகும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், திவசம் பண்ணிவைக்கிற வைத்தி வாத்தியார் வாசலில் சைக்கிளை நிறுத்தி, வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மஹாலக்ஷ்மி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன அத்தியாயம் அங்கே முடிந்தது.

புதன்கிழமை முழுக்க மாற்றாள் தேடி அலைந்தாள். கல்லிடைக்குறிச்சி டீச்சருக்கு மாதம் ஏழு. வீரவநல்லூர் டீச்சர், வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவள் கதவைத் திறக்கவே இல்லை. கணவன் சுந்தர்ராமன் கோபித்துக்கொள்ளவில்லை, வருத்தப்பட்டான். பேங்கில் வேலை, அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அப்பாவின் திவசத்துக்கு அவள் சமைக்காமல் யார் சமைப்பது என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். அவனுடைய அக்கா ராஜாம்பாள் பாபநாசத்திலிருந்து வாழைக்காயும் பாகற்காயுமாக வந்து இறங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை விடிந்தது.

கொல்லையில் குளிக்கப் போன மஹாலக்ஷ்மி அப்படியே நின்றுவிட்டாள். எட்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டிருந்தது. நேற்றைய அலைச்சலோ, சாப்பிடாமல் கிடந்ததோ, எதுவோ ஒன்று. அந்த வீட்டில் அதைத் தூரம் என்பார்கள். தூரமானவள் மூன்று நாள் அடுப்படிப் பக்கமே வரக்கூடாது, திவசத்தன்று கண்ணில்கூடப் படக்கூடாது. சில வீடுகளில் திவசத்தையே ஐந்தாம் நாளுக்குத் தள்ளி வைப்பார்கள். இங்கே ராஜாம்பாள் சமைத்துவிடுவது வழக்கம், மூன்று வருஷத்துக்கு முன் ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது.

மூன்று நாள். கரூர்ப் போட்டியும் மூன்று நாள். யாரையும் எதிர்த்துக்கொள்ளாமல், யாரிடமும் கெஞ்சாமல் போகலாம். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தாமிரபரணிக் கரையில் எந்தத் தெய்வமோ கண்ணைத் திறந்து பார்த்துவிட்டது என்றே நம்பினாள். பாவம்.

கொல்லைக் கதவுக்கு வெளியே நின்றபடியே, “அக்கா, நான் தூரம்” என்றாள்.

ராஜாம்பாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவல் நின்றது.

“என்னிக்கு?”

“இப்பத்தான். விடியக்காலம்பர.”

ராஜாம்பாள் துருவலைத் தள்ளி வைத்துவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தாள். வருமான வரிக்காரரைக்கூட ஏமாற்றிவிடலாம், நாத்தனாரின் விரல் கணக்கை யாரும் ஏமாற்ற முடியாது.

“எங்காத்துல சுமங்கலிப் பிரார்த்தனை என்னிக்கு நடந்தது? நீ வந்து மணையில உக்காரணும்னு நானே வந்து கூப்பிட்டேன். தூரம், வரமுடியாதுன்னு சொல்லியனுப்பினே. இன்னியோட பன்னெண்டு நாள் ஆறது.”

அது நிஜம்தான், மஹாலக்ஷ்மி சொல்லியனுப்பினாள். அன்றைக்குப் பாளையங்கோட்டையில் தேர்வு ஆட்டம். அவள் போகாவிட்டால் பெண்கள் ஆட்டத்தை நடத்தாமலே எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரு சின்னப் பொய், யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தாள். இப்போது அந்தப் பொய் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குச் சொன்னது நிஜமென்றால் இன்றைக்குச் சொல்வது பொய். இன்றைக்கு நிஜமென்றால் அன்றைக்குப் பொய்.

“அன்னிக்குச் சொன்னதுதான் பொய், அக்கா. இன்னிக்கு சத்தியமா நெஜம்.”

ராஜாம்பாளின் முகம் கோணிப் போயிற்று. கெட்ட மனுஷி இல்லை அவள். ஹம்ஸினி பிறந்தபோது நாற்பது நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள். அதனால்தான் அதிகமாக வலித்தது.

“செத்துப்போன சுமங்கலிகளுக்குப் புடவை வெச்சுக் கும்பிட்ட நாள்ல பொய் சொல்லியிருக்கே. அதைச் சொன்னவ எங்கப்பா திவசத்துல சொல்லமாட்டியா?”

சுந்தர்ராமன் ஈர வேஷ்டியோடு வந்து நின்றான். அக்கா சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

“நெஜமா, மகா?”

“நெஜம்.”

அவன் பார்வை கூடத்துக்குப் போயிற்று. அங்கே அவளுடைய பையும் ஹம்ஸினியின் பையும், மட்டைகளோடு, கயிறு கட்டித் தயாராக இருந்தன.

“பை எப்போ கட்டினே?”

நேற்றுச் சாயங்காலமே கட்டியிருந்தாள். ஏன் கட்டினாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. போக முடியாது என்று தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை யாரிடம் சொல்லி நம்ப வைப்பது?

பொய் என்றால் ஒன்றும் கெட்டுப் போகவில்லை, இப்போதே தலைக்கு ஜலம் விட்டுக்கொண்டு மடி கட்டிக்கொண்டு வந்து சமைக்கட்டும், நானும் வாயைத் திறக்க மாட்டேன் என்று ராஜாம்பாள் ஒரு வழி காட்டினாள். நல்ல மனசோடுதான் காட்டினாள்.

வேறொருத்தியாக இருந்தால் அப்படியே செய்திருப்பாள். மஹாலக்ஷ்மியால் முடியவில்லை. கல்யாணமாகி வந்தபோது வெள்ளிக் குத்துவிளக்கோடு ஒரு பூப்பந்து மட்டையையும் கொண்டுவந்த மருமகள் அவள். சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திச் சிரித்தபோது, சுவரில் ஆணி அடித்து அதை மாட்டி வைத்தவர் மாமனார்தான். அவருக்குப் போடும் இலையைத் தீட்டுக் கையால் தொடுவதா? அவளுக்கும் அந்த நம்பிக்கையெல்லாம் உண்டு. விளையாட்டு டீச்சர் என்பதற்காக அது இல்லாமல் போய்விடுமா?

“நான் தொடமாட்டேன். அப்பாவுக்கு நான் அந்தப் பாவத்தைப் பண்ணமாட்டேன்.”

அவள் பயபக்தியோடு சொன்னாள். கேட்ட இரண்டு பேர் காதிலும் அது பிடிவாதமாகவே விழுந்தது.

சுந்தர்ராமன் பேசினான். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தாலாவது அவள் பதிலுக்குப் பேசியிருப்பாள்.

“நீ போயிட்டு வா. உன்னை நான் தடுக்கலை. ஊரான் வீட்டுக் குழந்தைகள் காத்திண்டிருக்கும். ஆனா ஹம்ஸினி வரமாட்டா. என் பொண்ணு இதைப் பாத்துக் கத்துக்க வேண்டாம்.”

ஹம்ஸினி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வயசு. வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைப் போட்டு ஒரு காலுக்கு மட்டும் கயிறு கட்டியிருந்தாள். அப்பாவிடம் கெஞ்சுவாள், அழுவாள் என்று மஹாலக்ஷ்மி எதிர்பார்த்தாள். அவள் அம்மாவைத்தான் பார்த்தாள்.

“தூரம்னு பொய் சொன்னியாம்மா?”

“அன்னிக்குத்தான்டி. நீ ஆடின ஆட்டத்துக்கு வரதுக்காக.”

ஹம்ஸினி குனிந்து கட்டிய கயிற்றை அவிழ்த்தாள். இரண்டு ஷூவையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு அத்தைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். வைகிற பெண்ணாக இருந்தால் தேவலை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வைத்தி வாத்தியாரும் திவசச் சாப்பாட்டுக்கு உட்காரும் இருவரும் வாசல் வழியாக உள்ளே வந்த நேரம், மஹாலக்ஷ்மி பையை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக வெளியேறினாள்.

திருநெல்வேலி பஸ்ஸில் உட்கார இடமில்லை. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றபடி அவள் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். ஆறில் ஒன்று போனால் ஐந்து. ஐந்து பேர் போதும். ஹம்ஸினி இடத்தில் பாத்துவை முன்னால் நிறுத்தலாம். ஒருத்திக்குக் கால் பிசகினால் என்ன செய்வது என்பதை அப்புறம் யோசிக்கலாம். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. சேரன்மகாதேவி தாண்டும்போது ஒரு முடிவுக்கும் வந்தாள். இனிமேல் யாரிடமும், எதற்காகவும், பொய் சொல்வதில்லை. ஒரு பொய் கொடுத்த அடி இந்த ஜன்மத்துக்குப் போதும்.

நல்ல முடிவுதான். எடுத்த நாள்தான் சரியில்லை.

ஜங்ஷனில் வண்டி வந்து நின்றிருந்தது. ஆண்பிள்ளைகள் அணி பத்துப் பேரும் ஏறி ஜன்னலோரங்களைப் பிடித்துவிட்டார்கள். கிங்ஸ்லி கையில் பட்டியலோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஐந்து பெண்களும் நின்றார்கள். மாரிக்கண்ணுவோடு சுடலைமாடன். பாத்துவோடு நூர்முகம்மது.

டீச்சரைக் கண்டதும் பிள்ளைகள் முகம் மலர்ந்தது. நூர்முகம்மது மட்டும் அவளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“டீச்சரம்மா, ஒங்க பிள்ளைய எங்க?”

“அவ வரலை, பாய்.”

“ஏன், மேலுக்குச் சொகமில்லையோ? காய்ச்சலா?”

அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காலையில் பார்த்த ஹம்ஸினியின் முகமும் கூடவே வந்தது.

“இல்ல பாய். நல்லாத்தான் இருக்கா. அவங்கப்பா அனுப்பலை.”

நூர்முகம்மது தாடியைத் தடவியபடி நின்றார். பத்தமடையில் அவர் வீட்டில் அவர் சம்சாரம் அலிமா பீவி கொடுத்த சர்பத்தைக் குடித்துவிட்டு மஹாலக்ஷ்மி சொன்ன வாக்குறுதி இருவருக்குமே ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“ஒங்க வீட்டு ஐயா படிச்சவுக. பேங்குல இருக்காக. பெத்த தாயி கூடப் போறதுக்கே அவுக யோசிக்காகன்னா, அதுல என்னமோ இருக்குன்னுதான அர்த்தம். நான் பாய் நெய்யுதவன், எனக்கு என்ன தெரியும்? தப்பா எடுத்துக்கிடாதிய டீச்சரம்மா.”

அவள் என்னவெல்லாமோ சொன்னாள். வீட்டு விஷயம் வேறு, இது வேறு என்றாள். பாத்துவை நான் என் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்றாள். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே பாத்துவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பாத்து தாவணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வாப்பாவின் பின்னால் நடந்தாள். படிக்கட்டு ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கிங்ஸ்லி ஒருமுறை எண்ணினார், சந்தேகத்துக்கு இன்னொருமுறை எண்ணினார். நாலு பேர்.

“அஞ்சு பேரு இல்லாம அங்கன போயி என்ன செய்ய, டீச்சர்? ஆட்டத்துல இறக்கவே மாட்டான்.” பட்டியலில் பெண்கள் பகுதியின் மேல் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். “கமிட்டி விசயத்தையும் கொஞ்சம் ஆறப்போடுவோம். எனக்கு ஒண்ணுமில்ல, மத்தவுக என்ன சொல்லுவாகன்னு ஒங்களுக்கே தெரியும்.”

அவர் குரலில் சந்தோஷம் இல்லை. வருத்தமும் இல்லை. பதினெட்டு வருஷமாக நடந்ததுதான் பத்தொன்பதாவது வருஷமும் நடக்கிறது என்பதுபோல வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஆழ்வார்குறிச்சி அக்கா தங்கை விசும்ப ஆரம்பித்தார்கள். கிறிஸ்டி அவர்களைக் கூட்டிக்கொண்டு குழாயடிப் பக்கம் போனாள். சுடலைமாடன், முக்கூடல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. சொன்ன சொல்லையும் மீறவில்லை, பிள்ளையையும் அனுப்ப வேண்டியதில்லை.

மாரிக்கண்ணு டீச்சருக்கு எதிரே வந்து நின்றாள். நெட்டைப் பெண். பீடி இலை வெட்டிக் காய்ப்புப் பிடித்த விரல்களால் மட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“நாலு பேரு ஆடப்படாதோ டீச்சர்?”

“விடமாட்டாங்க கண்ணு.”

“காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம்லா? பாத்து வாப்பாவே எடுத்துக் குடுத்தாவல்லா.”

“இனிமே பொய் சொல்றதில்லைன்னு…” மஹாலக்ஷ்மிக்கு அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.

மாரிக்கண்ணு சத்தம் போடவில்லை. வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல நேராக நின்று சொன்னாள்.

“எங்கம்மை மூணு வருசமா தினமும் பொய் சொல்லுதா டீச்சர். நான் கிரவுண்டுல இருக்கையில எலை வாங்கப் போயிருக்கேன்னு சொல்லுவா. எம் பங்கு பீடியையும் அவளே சுத்தி, நான் சுத்துனதுன்னு ஐயாகிட்ட காட்டுவா. ஒருநாள் தெரிஞ்சுபோயி அடியும் வாங்கினா. மறுநாளும் சொன்னா. ஒங்களுக்கு ஒரே ஒரு பொய்யி சொல்ல வரலியே.”

மஹாலக்ஷ்மி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பெண்ணுக்கு அவள் எத்தனையோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள், பந்தை வெட்டி அடிப்பது, பின்காலில் நிற்பது, தோற்றால் தலை குனியாமல் வெளியே வருவது. இதற்கு மட்டும் அவளிடம் ஒரு சொல் இல்லை. அவள் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு, பார்ப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள்.

கார்டு விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது.

அவள் நிமிர்ந்தபோது மாரிக்கண்ணு எதிரில் இல்லை. பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். முதுகில் பை, கையில் மட்டை. கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டியின் கம்பியை எட்டிப் பிடித்தாள், கால் படியில் விழுந்தது, உள்ளே போய்விட்டாள். எத்தனையோ நாள் டீச்சர் விசில் ஊதி ஓடப் பழக்கிய ஓட்டம். மஹாலக்ஷ்மி எழுந்து நாலு எட்டு ஓடினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வண்டியின் பின்பக்கம் சிறிதாகிக்கொண்டே போயிற்று.

“டீச்சர்.” சுடலைமாடன் பின்னால் நின்றார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். “மூணே காலுக்குப் பஸ்ஸாம். பிள்ளைய எங்க?”

அடுத்த ஸ்டேஷன் வெகு தூரமில்லை. இப்போது சொன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் போன் போட்டு இறக்கிவிடுவார். இறக்கினால் தையில் கல்யாணம் என்பதுகூட இல்லை, நாளைக்கே.

“தண்ணி குடிக்கப் போனா,” என்றாள் மஹாலக்ஷ்மி.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. சுடலைமாடன் தலையாட்டிவிட்டுக் குழாயடியை நோக்கி நடந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு மற்றதெல்லாம் உறைத்தது. பத்து ஆண்பிள்ளைகள் போகிற வண்டியில் துணையில்லாமல் ஒற்றைப் பெண். இது ஊருக்குத் தெரிந்தால் இனி எந்த வீட்டிலிருந்து எந்தப் பெண்ணை அனுப்புவார்கள்? அதைவிட, கரூரில் போய் இறங்கி அந்தப் பிள்ளை யாரோடு சேர்ந்து ஆடும்?

குழாயடியில் கிறிஸ்டியும் அக்கா தங்கையும் மட்டும் நின்றிருந்தார்கள். சுடலைமாடன் அவர்களிடம் ஏதோ கேட்டார். கிறிஸ்டி கையை நீட்டி, வண்டி போன திசையைக் காட்டினாள்.

அவர் மெதுவாகத் திரும்பி டீச்சரைப் பார்த்தார்.